பழகுவதற்கென்று ஒரு பூட்டு

குமரி மாவட்டத்துக் கருங்கல் சந்தையைச் சுற்றி நான் வளர்ந்த காலத்தில், தாக்கோல் (சாவி) செய்து தருகிறவர்களுக்குப் பெரிய கடை என்று எதுவும் இருந்ததில்லை. ஒரு மரப்பெட்டி, கம்பி வளையத்தில் கோத்த பழைய சாவிகள், தேய்ந்த அரங்கள் இரண்டு மூன்று, பலகையில் முடுக்கிய சின்னக் குறடு ஒன்று. தொழிலுக்குப் போட்ட முதல் அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். முதலில் துரு தேய்ப்பான், பிறகு அரம் பிடிப்பான், அதன் பிறகு தாக்கோல் தொலைந்த வீடுகளுக்கு மூத்தவரோடு துணைக்குப் போவான். அவன் தன் கையால் திறந்து பார்க்கிற முதல் பூட்டு, வீட்டுக்காரர் வாசலில் காத்து நிற்கிற ஒரு வீட்டின் பூட்டாகவே இருக்கும். திறந்தால் கூலி கிடைக்கும். திறக்காவிட்டால் உளியும் சுத்தியலும் வரும். இந்த முறையில் தேறி வந்தவர்கள் உண்டு. அவர்களில் சிலருடைய விரல்களுக்கு இருந்த நுட்பத்தை இன்றும் மதிக்கிறேன். ஆனாலும் அந்த முறை தவறானது என்றே நினைக்கிறேன். பூட்டு திறக்கப் படிக்கிறவனுக்கு முதலில் வேண்டியது, பழகுவதற்கென்றே ஆயத்தம் செய்த ஒரு பூட்டு. அதில் ஒரே ஒரு சிரமம்தான் இருக்க வேண்டும். அது கைவந்த பிறகுதான் அடுத்த சிரமத்தைச் சேர்க்க வேண்டும். அப்படியொரு பூட்டைத் தயார் செய்து கொடுப்பதில்தான் ஆசிரியரின் அறிவு முழுவதும் இருக்கிறது என்பது என் கட்சி. எங்கள் ஊர்ப் பக்கத்தில் பார்த்துப் பழகியதையும், பூட்டின் வரலாற்றில் பதிவானதையும் வைத்து அதை இங்கே நிறுவப் பார்க்கிறேன்.

எங்கள் பகுதியில் பூட்டு என்பது ஒரே வகையாக இருந்ததில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வீடுகளில் கனத்த பலாமரக் கதவும், அறப்புரைக்கு மரத்தாழும், வசதியுள்ள வீடுகளில் பித்தளை வேலைப்பாடு கொண்ட மணிச்சித்திரத்தாழும் இருந்தன. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று, இன்று தமிழ்நாடாக உள்ள சென்னை மாநிலத்தோடு இணைந்த மாவட்டம் இது. கதவுகளிலும் அந்த இரண்டு மரபையும் பார்க்கலாம். கடைகளுக்கும் தோட்டத்து அறைகளுக்கும் திண்டுக்கல்லின் மாங்காய்ப் பூட்டு தொங்கியது. 1897இல் அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாயில் தொடங்கிய தொழிலின் பூட்டுகள் பீரோக்களிலும் வாசல்களிலும் வந்து சேர்ந்தன. பிறகு வளைகுடாப் பணத்தில் வீடுகள் எழுந்தபோது, கதவுக்குள்ளேயே பதிக்கிற சிலிண்டர் பூட்டுகள் வந்தன. மூத்தவரோடு அலைந்து படித்த பையனுக்கு எந்தப் பூட்டு எப்போது கைக்கு வரும் என்பது தற்செயலைப் பொறுத்தது. ஒரு மாதம் முழுக்க லீவர் பூட்டாகவே வரும், அடுத்த வாரம் அவன் பார்த்தேயிராத சிலிண்டர் வரும். ஒன்றைக் கற்று அதன்மேல் இன்னொன்றை அடுக்க வழியில்லை. பாடத்தின் வரிசையைத் தீர்மானித்தது ஆசிரியர் இல்லை, யாருடைய தாக்கோல் எப்போது தொலைகிறது என்பதுதான். கற்றவர்கள் குறைவாகவும் பாதியில் விட்டவர்கள் அதிகமாகவும் இருந்ததற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்வேன்.

ஒரே ஒரு சிரமத்தில் தொடங்க வேண்டியது ஏன் என்பது சிலிண்டர் பூட்டின் உள்ளமைப்பைப் பார்த்தால் தெளிவாகும். சாவி நுழைகிற பித்தளை உருளை ஒன்று. அதைச் சுற்றி அசையாத கூடு. இரண்டையும் சேர்த்துத் துளைத்த ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் சாவியைத் தொடுகிற பின் ஒன்று, அதன்மேல் தடுக்கிற பின் ஒன்று, அதற்கும் மேலே ஒரு ஸ்பிரிங். சரியான சாவியைப் போட்டால் ஐந்து துளைகளிலும் இரண்டு பின்களும் சந்திக்கிற இடம், உருளையும் கூடும் சந்திக்கிற கோட்டில் வந்து நிற்கும், உருளை சுழலும். சாவி இல்லாமலும் திறக்க முடிவதற்குக் காரணம் துளை போடுவதில் உள்ள குறை. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஐந்து துளைகளும் மயிரிழை பிசகாமல் ஒரே வரிசையில் அமைவதில்லை. அதனால் உருளையை லேசாகத் திருக்கிப் பிடித்தால் ஐந்து பின்களில் ஒன்றுதான் முதலில் இறுகும். அதைக் கம்பியால் உயர்த்திச் சரியான உயரத்தில் நிறுத்தினால் உருளை கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும், உடனே அடுத்த பின் இறுகும். தொழில் முழுவதும் இந்த ஒரு உண்மையின்மேல் நிற்கிறது. இப்போது ஐந்து பின் உள்ள பூட்டைப் புதியவன் கையில் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பின் இறுகியிருக்கிறது, எது வெறும் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு என்று அவனுக்குத் தெரியாது. தெரியாதவன் அழுத்தத்தைக் கூட்டுவான். அழுத்தம் கூடினால் எல்லாப் பின்களும் சேர்ந்து இறுகிக்கொள்ளும், பூட்டு ஊமையாகிவிடும். தன் கை லாயக்கில்லை என்று அவன் முடிவுகட்டுவான். உண்மையில் ஐந்து பாடங்களை ஒரே நேரத்தில் அவன் முன்னால் வைத்தவர் மேல்தான் குறை.

பழகுபூட்டு தயார் செய்வது இங்கிருந்துதான் தொடங்குகிறது. சாவியைப் போட்டு உருளையைச் சற்றே திருப்பிய நிலையில் பின்பக்கத்துத் தகட்டைக் கழற்ற வேண்டும். உருளையின் அதே கனத்தில் சீவி வழவழப்பாக்கிய மரக்குச்சி ஒன்றைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே உருளையை முன்பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். இடைவெளி விழாமல் குச்சி தொடர்ந்து வந்தால்தான் மேலே இருக்கிற ஸ்பிரிங்குகள் அடங்கி நிற்கும். அவசரப்பட்டு உருளையை உருவினால் ஐந்து ஸ்பிரிங்கும் தெறித்துத் தரையில் காணாமல் போகும். உருளை வெளியே வந்ததும் நான்கு துளைகளைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு, ஒன்றில் மட்டும் பின்னையும் ஸ்பிரிங்கையும் சாமணத்தால் வைத்து மூட வேண்டும். இவ்வளவு எளிய பூட்டில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நான்கு நிலைகள் இருக்கின்றன. திருக்காமல் தொட்டால் பின் ஸ்பிரிங்கின்மேல் துள்ளும். திருக்கினால் அதே பின் கல்லைப்போல் நிற்கும். சரியான உயரத்தைத் தொட்டதும் விரல் நுனியில் மெல்லிய சொடுக்கு ஒன்று தெரியும், பூட்டு திறக்கும். உயரத்தைத் தாண்டித் தள்ளிவிட்டால் சாவிப் பின்னே கோட்டில் மாட்டிக்கொள்ளும், திருக்கைத் தளர்த்தி மறுபடி தொடங்க வேண்டும். இந்த நான்கையும் தனித்தனியே விரல் அறிந்துகொள்ள ஒற்றைப் பின்னைவிடத் தெளிவான இடம் கிடையாது. திருக்குவதற்கு எவ்வளவு குறைந்த பலம் போதும் என்பதும் இங்கேதான் புரியும். புதியவர்கள் எல்லோரும் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்தடுத்த படிகளுக்கும் இதே நியாயம்தான். இரண்டாவது பின்னைச் சேர்க்கும்போது புதிதாக வருவது வரிசை: எது முதலில் இறுகுகிறது என்று தேடுவது. மூன்று பின் வந்தால் நிறுத்திய பின்னைக் கீழே விழவிடாமல் அடுத்ததைத் தேட வேண்டும். ஐந்துக்குப் போவதற்கு முன்னால் பின்களை இடம் மாற்றிப் போடுவது அவசியம். இல்லாவிட்டால் படிக்கிறவன் பூட்டைப் படிக்காமல் அந்த ஒரு பூட்டின் வரிசையை மனப்பாடம் செய்துவிடுவான். தொடக்கத்தில் சாவியின் வெட்டுகள் மேடுபள்ளம் அதிகமில்லாமல் இருக்க வேண்டும். ஆழமான வெட்டுக்கு அடுத்தாற்போல் மேடான வெட்டு இருந்தால் நீளமான பின் ஒன்று கம்பியை மறித்து நிற்கும், அது பிற்பாடு படிக்க வேண்டிய பாடம். கூட்டின் பக்கவாட்டில் அரத்தால் ஒரு சாளரம் திறந்துவிட்டால் விரல் உணர்வதைக் கண்ணும் பார்க்கும். அந்தப் பொருத்தம் பதிந்த பிறகு அதே சாளரத்தைத் துணியால் மறைத்துவிட வேண்டும். கடைசிப் படியாக இடுப்பு ஒடுங்கிய பின்கள் வரும். அவை உருளையைக் கொஞ்சம் சுழலவிட்டுத் திறந்துவிட்டதுபோல ஏமாற்றும். அங்கே திருக்கை மெல்லத் தளர்த்துகிறவனுக்குத்தான் பூட்டு வழிவிடும், முதல் நாள் ஒற்றைப் பின்னில் கற்ற பாடம் அங்கே கைகொடுக்கும். லீவர் பூட்டுக்கும் இதே வழி. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு லீவர் வரை வைத்துத் திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டு செய்கிறார்கள். ஒன்றின் ரிவிட்டை எடுத்துவிட்டுத் திருகாணி போட்டு, ஒரே ஒரு லீவரை மட்டும் உள்ளே விட்டால் அது பழகுபூட்டு. லீவரை மிகவும் குறைவாகத் தூக்கினாலும் மிகவும் அதிகமாகத் தூக்கினாலும் தாழ் நகராது. அதன் வெட்டுக்கு நேராகத் தாழின் முளை வரவேண்டும் என்பதைத் திறந்த பெட்டியில் ஒருமுறை பார்த்தவன் பிறகு மறக்கமாட்டான்.

பழகுவதற்குப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய பூட்டே போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கள் மாவட்டத்தில் இந்த யோசனை குறிப்பாகக் கெடுதல் செய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. குளச்சல் முதல் தேங்காப்பட்டணம் வரை உப்புக்காற்று தொங்கு பூட்டுகளை அரித்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் துருவேறினால் பின் மேலே போகும், இறங்காது. அப்படி நிற்பதற்கும் திருக்கினால் இறுகி நிற்பதற்கும் புதிய விரலுக்கு வித்தியாசம் தெரியாது. போதாக்குறைக்கு, இறுகிய பூட்டில் தேங்காய் எண்ணெய் விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். நாள்பட்டால் அந்த எண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பென்சில் கரித்தூள் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. இப்படிக் கெட்டுப்போன பூட்டில் பழகுகிறவன் நோயுற்ற பூட்டின் பாஷையைத்தான் படிக்கிறான். நல்ல பூட்டு எதிரே வரும்போது அது சொல்வது அவனுக்குப் புரியாது. பழுதான பூட்டைத் திறக்கத் தெரிய வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. கடலோர ஊரில் தொழில் செய்கிறவனுக்கு அது கட்டாயம். ஆனால் அது நல்ல பூட்டு கைவந்த பிறகு வைக்க வேண்டிய படி.

இதற்கு எதிராக முதலில் எழுகிற வாதம், கைத்தொழிலைப் படிப்படியாக நறுக்கிக் கொடுத்தால் உயிர் போய்விடும் என்பது. நெருக்கடியில் கற்றதுதான் நிலைக்கும், வாசலில் ஆள் காத்து நிற்கும்போதுதான் விரல் கூர்மையடையும் என்கிறார்கள். இதற்கு விடை எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. அடிமுறை என்ற சண்டைக் கலையும் வர்மமும் குமரி மாவட்டத்துக்கு உரியவை. களரிக்கு வருகிற பையனை எந்த ஆசானும் முதல் நாளிலேயே எதிராளியின் முன்னால் நிறுத்துவதில்லை. முதலில் ஒற்றைச்சுவடு. காலை எங்கே வைப்பது, எடையை எந்தக் காலுக்கு மாற்றுவது என்பது மட்டும். அது உடம்பில் ஊறிய பிறகுதான் எதிராளி, கம்பு, ஆயுதம் எல்லாம். அந்தச் சுவடு பொய்யான சண்டை என்று யாரும் சொன்னதில்லை. உண்மையான சண்டையிலிருந்து ஒரு கூறைப் பிரித்தெடுத்தது அது. ஒற்றைப் பின் பூட்டும் அப்படித்தான். உண்மையான பூட்டின் உண்மையான பின்தான் அதில் இருக்கிறது, மற்ற நான்கும் தற்காலிகமாக ஒதுங்கி நிற்கின்றன. நெருக்கடி கூர்மையைத் தரும் என்பதை மறுக்கவில்லை. ஏற்கெனவே இருக்கிற திறமையைத்தான் அது கூர்மையாக்கும். இல்லாத திறமையின் இடத்தில் நெருக்கடி கொண்டுவந்து வைப்பது சுத்தியலை.

இரண்டாவது வாதம் கனமானது: இது திருடர்களை உருவாக்காதா? வரலாறு இதற்குத் தெளிவான பதில் சொல்லியிருக்கிறது. 1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் போலிச் சாவியால் திருட்டு நடந்த பிறகு, சொந்தச் சாவியைத் தவிர வேறெதனாலும் திறக்க முடியாத பூட்டுக்கு அரசு பரிசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் தம் லீவர் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். கள்ளத்தனமாகத் திறக்கப் பார்த்தால் மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கிற பூட்டு அது. பூட்டுத் தொழில் தெரிந்த கைதி ஒருவனிடம் அதைக் கொடுத்துத் திறக்கச் சொன்னார்கள். திறந்தால் விடுதலையும் பணமும் என்றார்கள். அவனுக்குக் கருவிகளோடு, திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்துப் படிக்கும்படியாக அதே வகைப் பூட்டு ஒன்றையும் தனியாகக் கொடுத்தார்கள். பழகுபூட்டுக்கு இதைவிடத் தெளிவான முன்னோடி வேண்டியதில்லை. மாதக்கணக்கில் முயன்று அவன் தோல்வியை ஒப்புக்கொண்டான். படிக்கிறவனுக்கு எல்லாவற்றையும் திறந்து காட்டிய பிறகும் தாக்குப்பிடித்ததால்தான் அந்தப் பூட்டுக்கு மதிப்பு வந்தது. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ், அதே சப் பூட்டைச் சாட்சிகள் முன்னால் அரை மணி நேரத்துக்குள் திறந்தார். இருநூறு கினி பந்தயத்தோடு பல பத்தாண்டுகளாகக் கடைச் சாளரத்தில் இருந்த பிராமா நிறுவனத்தின் பூட்டையும், 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். இதனால் பிரிட்டன் திருடர்களின் கைக்குப் போய்விடவில்லை. பூட்டு செய்கிறவர்கள்தான் விழித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் லைனஸ் யேல், ஹாப்ஸ் பெருமையாகக் காட்டிய பூட்டையே திறந்து காட்டியவர். இன்று உலகமெங்கும் கதவுகளில் இருக்கிற பின் பூட்டுக்கு 1861லும் 1865லும் காப்புரிமை பெற்றவரும் அவரே. திறக்கத் தெரிந்தவர்தான் நல்ல பூட்டைச் செய்தார்.

நம் ஊர்த் திருட்டுகளையும் பாருங்கள். காலைச் செய்தித்தாளில் வருவது பூட்டை உடைத்துத் திருட்டு, கதவை நெம்பித் திருட்டு, பின்வாசல் வழியாகத் திருட்டு. பின் பின்னாக உயர்த்தும் பொறுமை திருட வருகிறவனுக்குத் தேவைப்படுவதில்லை, கடப்பாரை அவனுக்குப் போதும். சட்டமும் இந்த விஷயத்தில் குழப்பமில்லாமல் இருந்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதையும் வீட்டை உடைத்து நுழைந்த குற்றமாகவே 445ஆம் பிரிவில் எண்ணியது. அங்கே குற்றம் நுழைகிற நோக்கத்தில் இருக்கிறது, பின்னை உயர்த்தத் தெரிந்த விரலில் இல்லை. அப்படியானால் வர்மத்தைப்போல இதையும் சோதித்துத் தேர்ந்த சீடனுக்கு மட்டும், மறைவாகச் சொல்லித்தரலாமே என்று கேட்கலாம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களையும் நம்பிக்கைக்குரியவனுக்கு மட்டும் சொன்ன ஆசான்களின் எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். உயிரின்மேல் கைவைக்கிற வித்தை அது. ஆனால் மறைவுக்கு விலை உண்டு. சீடன் அமையாமல் போன ஆசானோடு வித்தையும் போய்விடுகிறது. சொல்லித்தந்தது சரியா என்று சோதிக்க மூன்றாவது ஆள் இல்லை. பூட்டைப் பொறுத்தவரை மறைவு யாரைக் காக்கிறது? மட்டமான பூட்டை உயர்ந்த விலைக்கு விற்கிறவரைத்தான். வேண்டியது இரண்டு விதிகள். உனக்குச் சொந்தமில்லாத பூட்டை, உடையவர் கேட்காமல் தொடாதே. யாருடைய கதவையும் காத்துக்கொண்டிருக்கும் பூட்டில் பழகாதே. பழகுபூட்டு இந்த இரண்டாவது விதியைக் கடைப்பிடிக்க வழி செய்கிறது. அது இல்லாத இடத்தில் பையனுக்கு மிஞ்சுவது பிறர் வாசல்தான். ஆகவே ஒழுக்கத்தின் பக்கம் நின்று பேசுகிறவர்கள் பழகுபூட்டை எதிர்ப்பதைவிட, அதை வேண்டும் என்று கேட்பதே பொருத்தம்.

கடைசியாக ஒரு வாதம் இருக்கிறது: விரல்ரேகைக்கும் எண்களுக்கும் திறக்கிற பூட்டுகள் வந்துவிட்டன, இனி இந்தப் படிப்பு எதற்கு? அந்த மின்னணுப் பூட்டுகள் பலவற்றில், பேட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு சாவித்துளையை வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது அதே உருளையும் பின்களும்தான். கருங்கலையும் அதைச் சுற்றிய ஊர்களையும் அறிந்தவர்களுக்குத் தேவை எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்கள் வளைகுடாவிலும் வெளியூரிலும் இருக்க, வருடத்தில் பதினோரு மாதம் அடைத்துக் கிடக்கிற வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. விடுமுறைக்கு வந்து இறங்கும்போது பூட்டு துருவேறியிருக்கும், தாக்கோல் யாரிடம் கொடுத்தது என்று மறந்திருக்கும். வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளில் உள்ளே தாழ் விழுந்துவிட்டால், கதவை உடைக்காமல் திறக்கத் தெரிந்த ஒருவர் அவசரத்துக்கு வேண்டும். உடைத்தால் தேக்குக் கதவும் நிலையும் பாழாகும், புதுப் பூட்டு வரும்வரை வீடு திறந்து கிடக்கும். சேதமில்லாமல் திறக்கிறவர் ஒரு ஊருக்கு இரண்டு பேராவது இருப்பது ஆடம்பரம் ஆகாது.

அந்த இரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதே கேள்வி. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் பூட்டு செய்கிற மரபுக்கு அது உரிய மரியாதை. ஆனால் ஒரு தொழிலைக் காக்கச் சின்னமும் சான்றிதழும் மட்டும் போதாது. அடுத்த கை கற்றுக்கொள்ள ஒரு வழி திறந்திருக்க வேண்டும். ஒரு லீவர், மூன்று லீவர், ஐந்து லீவர் என்று திருகாணி போட்டுக் கழற்றக்கூடிய பழகுபூட்டு வரிசையைச் செய்ய, மாங்காய்ப் பூட்டு செய்கிற கைகளைவிடத் தகுதியானவர்கள் இல்லை. ஐ.டி.ஐ.களில் ஃபிட்டர் படிக்கிற பிள்ளைகள் அரம் பிடிக்கவும் அளவு பார்க்கவும் ஏற்கெனவே கற்கிறார்கள். பின் பூட்டு ஒன்றைக் கழற்றி, ஒற்றைப் பின்னோடு மறுபடி கோத்துத் திறக்கிற பயிற்சியை அதனோடு சேர்ப்பதற்குப் பெரிய முதலீடு எதுவும் வேண்டாம். ஒரு பழைய சிலிண்டரும், சீவிய மரக்குச்சியும், சாமணமும், பொறுமையுள்ள ஒரு ஆசிரியரும் போதும். அந்த ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை, திறந்து காட்டித் தன் திறமையை நிரூபிப்பது அல்ல. படிக்க வந்தவன் இன்று எதில் தடுமாற வேண்டும் என்று தீர்மானித்து, அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பூட்டிலிருந்து எடுத்துவிடுவதே அவர் வேலை. கருங்கலில் ஒரு தலைமுறைக்குக் கிடைக்காமல் போன அந்த வசதி அடுத்த தலைமுறைக்குக் கிடைக்க வேண்டும். அதைக் கொடுப்பது இன்று தொழில் தெரிந்தவர்களின் கடமை.